மேல்மாடியில் காய்ந்த சட்டைகள்

ஆத்துமேட்டுத் தோட்டம்,
நோர்வூட்.
9.6.1957

பவுலினுக்கு,

கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இனிமேல் பொறுக்க எனக்கு நேரமில்லை. பெரிய டீமேக்கர் நீண்ட லீவில் கொழும்புக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை தேயிலை ஸ்டோர் முழுவதும் என் பொறுப்பு. காலையில் தோட்டத்துத் தொரை தேத்தண்ணீர் ருசி பார்க்க வந்தால் என்னிடம்தான் பேசுகிறார். இந்த நேரத்தில் உதவி டீமேக்கருடைய பெண்சாதி வலப்பனையில் அண்ணன் வீட்டுத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆபீஸ் கிளாக்கர்மார் பேசிச் சிரிப்பது எனக்கு அழகா, உனக்கு அழகா?

அன்று நடந்ததை நீ பெரிதுபடுத்துகிறாய். விருந்தாளிகள் வரும் நாளில் என் வெள்ளைச் சட்டையில் நீலம் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. கோபம் வந்தது. யாருக்குத்தான் வராது? அதற்காகக் கட்டிய சேலையோடு பஸ் ஏறிப் போகிற பெண்ணை நான் எங்கும் பார்த்ததில்லை.

வீட்டுத் துணி துவைப்பது ஒரு வித்தையே இல்லை. ஒழுங்கு இருந்தால் போதும். அதற்காகத்தான் அட்டவணை போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். திங்கள் வெள்ளைத் துணி. செவ்வாய் கஞ்சி. புதன் இஸ்திரி. வியாழன் படுக்கை விரிப்பு. வெள்ளி கால்சட்டை. சனி உன்னுடையவை. ஒரு நாளைக்கு ஒரு வேலை. ஸ்டோரில் கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. அங்கே ஒருவரும் அழுவதில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இரண்டு பேருடைய துணி. அட்டவணையில் பிழையில்லை, செய்த கையில்தான் பிழை.

வருகிற சனிக்கிழமை ஹட்டன் பஸ்ஸில் வந்து சேர். நோர்வூட் சந்திக்கு ஆள் அனுப்புகிறேன். அலுமாரியில் சலவைச் சட்டை இரண்டுதான் மிச்சம்.

சூசைரட்ணம்


வலப்பனை.
16.6.1957

ஆத்துமேட்டுத் தோட்டத்து உதவி டீமேக்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை கஸ்பர் அண்ணன் வாசித்தார். வாசித்துவிட்டு, "இது தங்கச்சிக்கு எழுதினதா, டோபிக்கு எழுதினதாம்மா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும்தான் என்றேன். தோட்டத்து டோபி வாசலில் நின்று பீடி பற்றவைத்தான் என்று நீங்கள் அவனை நிறுத்திய நாளிலிருந்து அந்த வேலையும் என்னுடையதுதானே.

நடந்ததைப் பெரிதுபடுத்துகிறேன் என்கிறீர்கள். உள்ள அளவிலேயே சொல்கிறேன். துவைத்த துணிக் கூடையைத் தூக்கி வாசலிலிருந்து சரிவில் எறிந்தீர்கள். என் உள்பாவாடை தொழிலாளர் லயத்து வாய்க்காலில் போய் விழுந்தது. அங்கே பேச்சியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விருந்தாளிகள் நம் முற்றத்தில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "புள்ளதான் பெறத் தெரியல, ஒரு சட்டையாச்சும் தொவைக்கத் தெரியுதா?" என்றீர்கள். சண்டை சட்டையைப் பற்றியது என்று நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்டிய சேலையோடு போனேன் என்பதும் சரி. மாற்றுச் சேலை வாய்க்காலில் விழுந்து ஈரமாக இருந்தது.

உங்கள் அட்டவணையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கல்யாணம் ஆகி இந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதன்படி துவைத்ததில்லை. நோர்வூட்டில் வைகாசியில் பிடித்த மழை ஆவணி தாண்டியும் விடுவதில்லை. திங்கட்கிழமை நனைத்த துணி செவ்வாய்க்கிழமைக்குள் காயும் என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்ட ஒரு தைரியம் வேண்டும். வெயில் எப்போது எட்டிப் பார்க்குமோ அப்போது ஓடினேன். மற்ற நேரம் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகை பிடிக்காமல் புரட்டிப் புரட்டிப் போட்டேன். அட்டவணையை நம்பியிருந்தால் நீங்கள் ஈரச் சட்டையோடுதான் ஸ்டோருக்குப் போயிருப்பீர்கள். உங்களுக்கு அது தெரியாது. காய்ந்த சட்டை கையில் வந்தால் போதும், அது வந்த வழியை நீங்கள் கேட்டதில்லை.

சனிக்கிழமை வரமாட்டேன். அட்டவணை சுவரில் இருக்கிறது. கைகள் உங்களுக்கும் இரண்டு இருக்கின்றன. பிழை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுலின்


ஆத்துமேட்டுத் தோட்டம்.
26.6.1957

பவுலினுக்கு,

உன் அண்ணன் தையல்காரன். உத்தியோகஸ்தன் எழுதும் கடிதத்தை எப்படி வாசிப்பது என்று அவனுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

நீ பயமுறுத்தினாயே என்று வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் காக்கிக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டைகளும் ஒரே வாளியில் இருந்ததால் சாயம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். வாளி ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றை நீ எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி அதிகமாகிவிட்டது. ஒரு சட்டையின் முதுகு போயிற்று. கோட்டு போட்டால் முதுகு தெரியாது.

அதன்பிறகு யோசித்தேன். பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவன் வாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது முறையில்லை. ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் மெஷினில் நிற்கிறானே செல்லசாமி, அவன் பெண்சாதி பேச்சியம்மாவைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தேன். நீ சொன்ன அதே பேச்சியம்மாதான். கல்லில் அடித்து அடித்துப் பொத்தானை உடைக்கிறாள். "மெதுவா அடி" என்றால், "அடிக்காம அழுக்கு எப்புடிங்கய்யா போகும்?" என்கிறாள். இந்த ஜனங்களுக்கு எதையும் சொல்லி விளங்க வைக்க முடியாது. ஆனால் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பார்கள். அது உன்னிடம் இல்லாத குணம்.

ஒரே ஒரு சின்னத் தொல்லை. மழை விடவே இல்லை. துணி காய்ந்தது போல் இருக்கிறது, அலுமாரியில் வைத்து எடுத்தால் ஒரு நாற்றம். நேற்றுக் காலை ருசி பார்க்கும் மேசையில் தொரை என்னைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

உன்னிடம் யோசனை கேட்கிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்திருந்தால் எழுது.

சூசைரட்ணம்


வலப்பனை.
3.7.1957

சூசைரட்ணம் அவர்களுக்கு,

தொரை ஓர் அடி தள்ளி நின்றார் என்று வாசித்தபோது அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது. நான் சிரிக்கவில்லை. நாறுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றும் 'சின்னத் தொல்லை' என்று எழுத உங்களால் முடிகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் மதர்மார் நடத்தும் சிறுமிகள் விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே துணி வேலைக்கு என்னை வைத்திருக்கிறார்கள். ஆமாம், துணி வேலைதான். உங்கள் ஆபீஸ் கிளாக்கர்மாரிடம் சொல்லிச் சிரிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் இந்த மாதங்களில் மழை இல்லை. காற்றும் வெயிலும்தான். விடுதி முழுவதற்கும் துவைத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சும்மா இருக்கிறேன். மதர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க போட்ட ஒழுங்கு நல்லாருக்கு பவுலின்" என்றார். ஏழு வருடம் காத்திருந்தும் கேட்காத சொல். முன்பின் தெரியாத ஒருவர் இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்கவில்லை, நானும் உங்களுக்காகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பாவம் என்று சொல்கிறேன். அழுக்கைச் சேர்த்து வைக்காதீர்கள். மழைக்காலத்தில் குவித்துத் துவைத்தால் எதுவும் காயாது. அன்றன்று கழற்றியதை அன்றன்றே துவைக்கவேண்டும். இரண்டு துணி என்றால் அடுப்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் சவுக்காரத்தை முதல் நாள் மாலையே தேய்த்து வைத்தால் யாரும் கல்லில் அடிக்கத் தேவையில்லை. வெள்ளையும் சாயமும் ஒரு வாளியில் சேரக்கூடாது என்பதை விடுதியில் எட்டு வயதுப் பிள்ளை சொல்கிறது. நீலத்தைத் துணியில் முடிந்து தண்ணீரில் கலக்கி, தண்ணீர் ஒரே நிறமான பிறகுதான் சட்டையை முக்கவேண்டும். அன்றைக்குத் திட்டுப் பிடித்தது ஏன் தெரியுமா? நான் முக்கும்போது, "எங்கடி என் சப்பாத்து?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் முடிச்சை அப்படியே சட்டைமேல் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் அந்தச் சூட்டிலேயே மிச்ச ஈரமும் போகும். அது போகாமல் எதையும் அலுமாரியில் வைக்காதீர்கள். பூஞ்சை வாடைக்கு ஒரு கட்டிக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து அலுமாரி மூலையில் போடுங்கள்.

இதை எடுத்துச் சுவரில் ஒட்டவேண்டாம்.

பவுலின்

பி.கு. பேச்சியம்மாவை 'இந்த ஜனங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவும் லயத்தில்தான் பிறந்தார்.


ஆத்துமேட்டுத் தோட்டம்.
13.7.1957

பவுலினுக்கு,

அன்றன்று துவை, அடுப்பில் காயவை என்று பெண்களுக்குத் தெரிந்த வழியை எழுதியிருக்கிறாய். மூளை உள்ளவன் வேறு வழி பார்ப்பான். பார்த்துவிட்டேன்.

ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். கீழே அடுப்பு எரிகிறது. அந்தச் சூட்டை விசிறி மேல்மாடிக்குத் தள்ளுகிறது. வெளியே பெருமழை பெய்தாலும் அங்கே பச்சைக் கொழுந்து ஓர் இரவில் வாடிச் சுருண்டுவிடுகிறது. கொழுந்துக்குக் கிடைக்கிற காற்று என் சட்டைக்குக் கிடைக்கக்கூடாதா? இப்போது கொழுந்து குறைவு. கடைசித் தட்டுகள் சும்மா கிடக்கின்றன. பேச்சியம்மா துவைத்துக் கொடுத்ததையெல்லாம் நானே எடுத்துப்போய் அங்கே கயிறு கட்டிப் போட்டுவிட்டேன். மாலையில் போட்டதைக் காலையில் எடுத்தேன். அப்பளம் போல் காய்ந்திருந்தது. ஒரு வாரத் துணி ஒரே இரவில்.

கற்பூரம் நல்ல யோசனை. அதை மறுக்கமாட்டேன். ஆனால் அலுமாரி மூலையில் ஒரு கட்டி என்பது கஞ்சத்தனம். ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு கட்டி வைத்துத்தான் காயப்போடுகிறேன். காயும்போதே வாசனை ஏறிவிடுகிறது. கட்டியை எடுத்த பிறகும் நிற்கிறது.

செல்லசாமி மேலே வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "தொரைக்குத் தெரிஞ்சா ஏசுவாருங்கய்யா" என்றான். "தொரைக்குப் பதில் சொல்லவேண்டியது நான். நீ ஒன் மெஷினப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

இனி நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். உன் வேலையை ஒரு விசிறி செய்கிறது, அதுவும் வாய் பேசாமல்.

சூசைரட்ணம்


வலப்பனை.
18.7.1957

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

துணிகளை இன்றே இறக்குங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். தலையில் மல்லிகைப்பூ வைத்துவந்த பெண்களை ஸ்டோர் வாசலிலேயே திருப்பி அனுப்பியவரும் நீங்கள்தான். பூவுக்கு ஆகாத தேயிலைக்குக் கற்பூரம் ஆகுமா?

தொரைக்குத் தெரியுமுன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். உங்கள் மூளையைப் பற்றி நான் நினைத்ததைப் பிறகு எழுதுகிறேன்.

பவுலின்


ஆத்துமேட்டுத் தோட்டம்.
26.7.1957

பவுலினுக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை தொரை வந்தார். வழக்கம்போல் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தேன். முதல் வாய் எடுத்தார். துப்பினார். இரண்டாவது கோப்பையையும் துப்பினார். "என்னா இது, டீமேக்கர்? சாமி கும்பிட்ற தண்ணியா?" என்றார். கொழும்புக்கு அனுப்பியிருந்த பெட்டிகளைப் பற்றியும் அன்றே தந்தி வந்தது. மணம் பிடித்த தேயிலை என்று விலை வைக்க மறுத்துவிட்டார்களாம். தொரை நேராக மேல்மாடிக்கு ஏறினார். என் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார். இவை யாருடையவை என்று கேட்டார். என்னுடையவை என்றேன். அதில் பொய்யில்லை. யார் இங்கே போட்டது என்று கேட்டார். என் துணியைத் துவைப்பது செல்லசாமியின் பெண்சாதி என்றேன். அதிலும் பொய்யில்லை. அவன் கொண்டுவந்து போட்டிருக்கவேண்டும், எனக்குத் தெரியாது என்றேன்.

செல்லசாமிக்கு அன்றே பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார் தொரை. மாத முடிவில் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும். வருத்தம்தான். ஆனால் அவன் கூலியாள். இன்னொரு தோட்டத்தில் பேர் பதிந்துகொள்வான். என் உத்தியோகம் போனால் என்னை எந்த ஸ்டோரில் ஏற்றுவார்கள்? அதுவும் இல்லாமல், கற்பூரம் உன் யோசனை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதைக் கொளுத்திவிடு. இதையும் கொளுத்திவிடு.

சூசைரட்ணம்


வலப்பனை.
31.7.1957

இரண்டு கடிதத்தையும் கொளுத்திவிட்டேன். விடுதியில் வெந்நீர் அண்டாவுக்கு அடுப்புப் பற்றவில்லை. உங்கள் எழுத்து நன்றாகப் பற்றியது. ஆனால் எனக்கு வாய் இருக்கிறது. அதைக் கொளுத்த முடியாது.

நீங்கள் என்னை ஏசியபோது முரடர் என்று நினைத்தேன். சட்டையை நாறவிட்டபோது முட்டாள் என்று நினைத்தேன். இரண்டையும் பொறுத்துக்கொண்டு ஒரு பெண் குடும்பம் நடத்திவிடலாம். நிறையப் பேர் நடத்துகிறார்கள். இது வேறு. உங்கள் அழுக்கைத் துவைத்துக் கொடுத்தவளின் புருஷன்மேலேயே உங்கள் அழுக்கைப் போட்டுவிட்டு, வருத்தம்தான் என்று எழுதுகிறீர்கள்.

குற்றம் எழுதிய பத்துச்சீட்டோடு போகிறவனை எந்தத் தோட்டம் பேர் பதியும்? இது எனக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்த மழையில் அவர்கள் சட்டி பானையோடு எங்கே போய் நிற்பார்கள்? நீங்கள் கூடையை எறிந்த அன்று பேச்சியம்மா வாய்க்காலில் இறங்கி என் துணியைப் பொறுக்கி, அலசிப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள். "அழுவாதீங்கம்மா, அழுக்கு போயிருச்சு" என்றாள். உங்கள் சட்டைகளையும்தான் பொறுக்கினாள். அவளுக்கு நீங்கள் செய்த பதில் இது.

தொரையிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

பவுலின்


ஆத்துமேட்டுத் தோட்டம்.
5.8.1957

பவுலினுக்கு,

உன் பயமுறுத்தல் கிடைத்தது. தொழிலாளர் சங்கத்துத் தலைவர் போய்ப் பேசியதால் அடுத்த புதன்கிழமை ஆபீசில் விசாரணை வைத்திருக்கிறார் தொரை. அதுவரை அவர்கள் லயத்து அறையை விடத் தேவையில்லையாம். செல்லசாமிக்காகப் பேசத் தலைவர் வருவார். நானும் போகவேண்டும். நீயும் வா. தாராளமாக வா.

வந்து என்ன சொல்வாய்? வலப்பனையில் இருந்தவளுக்கு நோர்வூட் ஸ்டோரின் மேல்மாடி எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கடிதத்தைக் கொளுத்திவிட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். கையில் என்ன வைத்திருக்கிறாய்? புருஷனை விட்டு ஓடிப்போய் மடத்தில் துணி துவைக்கிறவள், கறுவம் வைத்துப் பேசுகிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொரை உன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கும் என்று எண்ணாதே.

நீ ஒருபோதும் எனக்குத் துணையாக இருந்ததில்லை. குறைந்தபட்சம் தூரமாகவாவது இரு.

சூசைரட்ணம்


பட்டிப்பொல.
25.8.1957

பவுலினுக்கு,

முகவரியைப் பார்த்து விளங்கியிருக்கும். ஸ்டோரும் இல்லை, குவாட்டர்சும் இல்லை. ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிற முதலாளி ஒருவரிடம் சேர்ந்திருக்கிறேன். மூட்டைகளை நிறுத்து ஏற்றவேண்டும். இங்கே உள்ள குளிரைப் பார்த்தால் நோர்வூட் கண்டி மாதிரி வெப்பம். துணி காய்வது என்ற பேச்சே இல்லை. விடிந்து பார்த்தால் கொடியில் போட்டதிலிருந்து இன்னும் நீர் சொட்டுகிறது. நானே துவைக்கிறேன். அதைச் சொல்லி உன்னைக் குளிர்விக்க எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விசாரணை அன்று நீ உன் அண்ணனோடு ஆபீசுக்குள் நுழைந்தபோது கிளாக்கர்மார் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நீ ஏசுவாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "தொரைங்களே, அந்தத் துணிய மேல காயப்போட்டது எங்க வீட்டுக்காரர். அவரே எனக்கு எழுதினாரு. அந்தக் கடிதாசிய அவர் சொன்னபடியே நான் எரிச்சிட்டேன். செல்லசாமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று சொன்னாய். அவ்வளவுதான். மனப்பாடம் செய்த ஜெபம்போல் சொன்னாய். தொரை உங்களை வெளியே அனுப்பினார். நான் வெளியே வந்தபோது நீ இல்லை. பஸ்ஸுக்கு நடந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். நடந்தது உன் வேலைதானே.

செல்லசாமி மறுநாளே மெஷினுக்குத் திரும்பிவிட்டான். எனக்குக் குவாட்டர்சைக் காலி செய்ய அந்த வாரம் கொடுத்தார்கள். பெரிய டீமேக்கர் லீவை முறித்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உன் சேலைகளும் ஜெபமாலையும் ஒரு பெட்டியில் ரயிலில் வரும். பெட்டியில் கற்பூரம் போடவில்லை.

உன்னை வரச் சொல்லவில்லை. வந்து இருக்க இங்கே இடமும் இல்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று உன் அண்ணனிடம் சொல். எனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை.

சூசைரட்ணம்


வலப்பனை.
8.9.1957

சூசைரட்ணம் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. சேலைகளை மடித்த விதத்தைப் பார்த்தால் மூட்டை கட்டுகிற வேலைக்குத்தான் நீங்கள் சரி என்று தோன்றியது. எல்லாவற்றையும் மறுபடி துவைத்துப் போட்டேன்.

உங்கள் கடிதத்திற்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று தொடங்கி, குளிரையும் கிளாக்கர்மாரின் பேனாவையும் எழுதியிருக்கிறீர்கள். நான் வெளியே போன பிறகு உள்ளே நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்கும் எண்ணத்தில் இல்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் காதால் கேட்கக்கூடாது என்றுதான் பஸ்ஸுக்கு நடந்தேன். செல்லசாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், தொரை என்னை நம்பிவிட்டார் போலும் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் என்பதால் விடுதியில் வேலை அதிகம். நான் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது செல்லசாமியும் பேச்சியம்மாவும் வந்து நின்றார்கள். நுவரெலியாவில் பஸ் மாறிக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். பேச்சியம்மா சும்மா நிற்கவில்லை, கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே பேசினாள். செல்லசாமிதான் உள்ளே நின்றவர் என்பதால் அவரைச் சொல்லச் சொன்னாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க போனதும் தொரை ஐயாகிட்டக் கேட்டாருங்கம்மா. 'பொம்பளை கோவத்தில பேசுது. கடிதாசி இல்லே. நீ சொல்லு, அது பொய்யா?' அப்புடின்னு. ஆமான்னு ஐயா ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சிச்சு, நாங்க அன்னைக்கே மூட்டையத் தூக்கணும். ஐயா சொன்னாரு, 'இல்லங்க தொரை. அவ பொய் சொல்லமாட்டா. நான்தான் போட்டேன்'னு. தொரை இன்னொருக்காக் கேட்டாரு. அதையேதான் சொன்னாரு."

நான் விரிப்பை விட்டுவிட்டேன். அது மண்ணில் விழுந்தது. மறுபடி அலசவேண்டியதாயிற்று.

ஆகவே தொரை என்னை நம்பவில்லை. உங்களைத்தான் நம்பியிருக்கிறார். இதை நீங்கள் எழுதியிருந்தால் நான் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் வாசித்திருப்பேன். எழுதாமல் விட்டதால் முழுவதையும் நம்பவேண்டியிருக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை உண்மை பேசியதால் நீங்கள் நல்ல மனிதராகிவிடவில்லை. அந்தக் குடும்பத்தை மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தவர் நீங்கள்தான். முற்றத்தில் வைத்து என்னைக் கேட்ட கேள்வியை இன்றுவரை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் நான் இல்லாத இடத்தில், என்னைப் பொய்க்காரி ஆக்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நேரத்தில், நீங்கள் அதைச் செய்யவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவர்கள் புறப்படும்போது பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவோட மறுபடி சேந்துக்குவீங்களாம்மா?" என்று கேட்டாள். "அதப் பத்தி நான் நெனச்சே பாக்கல" என்றேன். கேட்டபோது அது உண்மைதான்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு நினைத்துப் பார்த்தேன். நினைப்பு இன்னும் முடியவில்லை. நீங்கள் எழுதி அவசரப்படுத்தவேண்டாம். முடிந்ததும் நானே எழுதுகிறேன், எந்தப் பக்கம் முடிந்தாலும்.

பவுலின்